‘அக்கறையில்லை’ என்று எழுதுவதற்கு முன்: வன்னியின் வகுப்பாசிரியர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

தரம் 9 முதல் 11 வரையான வகுப்புகளைப் பொறுப்பேற்றிருக்கும் வகுப்பாசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். வட இலங்கையின் வன்னிப் பகுதியில், பாடசாலை மல்லாவியில் இருந்தாலும் விசுவமடுவில் இருந்தாலும் முழங்காவிலில் இருந்தாலும், கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் நாற்பது நிமிடத்தைக் கழித்துவிடும் பிள்ளைகள் நான்கைந்து பேர் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் குழப்படி செய்வதில்லை. எழுப்பிக் கேட்டால் “தெரியாது சேர்” என்று சொல்லி, உட்காரச் சொல்லும்வரை நிற்பார்கள். தவணை அறிக்கையில் அவர்களுக்கு நாம் எழுதும் குறிப்புப் பெரும்பாலும் ஒன்றுதான்: படிப்பில் அக்கறையில்லை. அந்தச் சொல்லை எழுதி முடித்ததும், நாம் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. அக்கறை வீட்டிலிருந்து பிள்ளை கொண்டுவரவேண்டிய பொருள் என்று நானும் பல வருடங்கள் நம்பியிருந்தேன். அது வகுப்பறையில் நடப்பவற்றால் கூடுவதும் குறைவதும் உண்டு என்று காட்டும் ஆராய்ச்சி ஐம்பது வருடங்களுக்கு மேலாக நடந்துவருகிறது. அதை எங்கள் வகுப்பறைகளில் எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே இங்கு சொல்ல வருவது.

முதலில் இரண்டு வாரம் பாருங்கள்

எந்த மாற்றத்தையும் தொடங்குமுன் ஒரு சிறிய குறிப்பேட்டில் இரண்டு வாரங்களுக்கு அந்த நான்கைந்து பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதுங்கள். எந்தெந்த நாளில் வரவில்லை, காலையில் சாப்பிட்டு வந்தார்களா, எந்தப் பாடவேளையில் தலையை மேசையில் வைக்கிறார்கள், யாரோடு கதைக்கிறார்கள், உடம்பில் என்ன நோவு என்று சொல்கிறார்கள் என்பன போதும். திங்கட்கிழமைகளில் மட்டும் வராத பிள்ளையின் கதையும், காலபோக அறுவடைக் காலத்தில் மட்டும் மறைந்துபோகும் பிள்ளையின் கதையும் ஒன்றல்ல. தலையிடி, வயிற்றுநோ, நெஞ்சுநோ என்று அடிக்கடி சொல்லும் பிள்ளையைப் ‘பஞ்சி’ என்று தள்ளிவிடாதீர்கள். எங்கள் சமூகத்தில் மனத்தின் பாரம் பெரும்பாலும் உடம்பின் வழியாகவே பேசும் என்பதை உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வடக்கில் நீண்டகாலம் பணியாற்றி எழுதியவற்றில் திரும்பத் திரும்பக் காணலாம்.

இந்த இரண்டு வாரத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தோமஸ் எல்பேர்ட் முதலிய ஜேர்மனிய உளவியலாளர்கள், இங்குள்ள ஆசிரிய ஆலோசகர்களையே நேர்காணலுக்குப் பயிற்றுவித்து, யுத்தம் பாதித்த மாகாணங்களில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. அவர்களில் 92 வீதமானோர் குண்டுவீச்சு, ஷெல்லடி, நெருங்கியவரின் மரணம் போன்ற கொடிய அனுபவங்களைக் கண்டிருந்தார்கள். நால்வரில் ஒருவருக்கு நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோய் இருந்தது. அந்தப் பிள்ளைகளின் நினைவாற்றல் சோதனைகளிலும் பாடசாலைப் புள்ளிகளிலும் அதன் தாக்கம் தெரிந்தது என்பதுதான் ஆசிரியர்களாகிய நாம் மனத்தில் வைக்கவேண்டிய பகுதி. “எத்தனை தரம் சொன்னாலும் மண்டையில் ஏறாது” என்று நாம் அலுத்துக்கொண்ட பிள்ளைகளில் சிலருக்கு, ஏறாமற்போனதற்கு நோயே காரணமாக இருந்திருக்கிறது.

இன்று சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் யுத்தம் முடிந்த 2009ஐ ஒட்டியும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள். அவர்கள் ஷெல்லைக் கண்டவர்கள் அல்லர், கண்டவர்களால் வளர்க்கப்படுபவர்கள். குளோடியா கட்டானியும் சகாக்களும் வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வு, யுத்தத்தோடும் சுனாமியோடும் சேர்த்து வீட்டுக்குள் நடக்கும் அடியும், தகப்பனின் குடியும் பிள்ளையின் மனநலத்தோடு பின்னிக்கிடப்பதைக் காட்டியது. ஷெல்லடி நின்று பல வருடமாயினும் வீட்டின் உள்ளே இருப்பது எப்போதும் நின்றுவிடுவதில்லை. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் ‘வீட்டில் யார் இருக்கிறார்கள்’ என்பதற்கும் ஓர் இடம் இருக்கட்டும். அம்மா மத்திய கிழக்கில், பிள்ளை அம்மம்மாவோடு என்ற ஒரு வரியே பல கேள்விகளுக்கு விடையாகிவிடும்.

பிள்ளையோடு தனியே கதைக்கும்போது “ஏன்” என்று தொடங்காதீர்கள். எங்கள் பாடசாலைகளில் ‘ஏன்’ என்ற கேள்வி தண்டனைக்கு முந்திய சொல்லாகவே பிள்ளைகளுக்குப் பழகியிருக்கிறது. “எந்தப் பாடம் வரும்போது நேரம் போகமாட்டேன் என்கிறது?”, “ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாய்?” என்று, பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள்.

பேனைகள் முடிந்த பிறகு

எட்வேர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் வெளியிட்ட பரிசோதனை எளிமையானது. பல்கலைக்கழக மாணவர்களிடம் சோமா என்ற, ஏழு துண்டுகளை இணைத்து வெவ்வேறு வடிவங்களைக் கட்டும் புதிரைக் கொடுத்தார். மூன்று அமர்வுகள். இரண்டாவது அமர்வில் ஒரு பிரிவினருக்கு மட்டும், தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டொலர் கொடுக்கப்பட்டது. மூன்றாவது அமர்வில் பணம் இல்லை. ஒவ்வொரு அமர்விலும் ஆய்வாளர் சற்று நேரம் வெளியே போய்விடுவார். அந்த எட்டு நிமிடங்களில் மாணவர் விரும்பியதைச் செய்யலாம். பணம் பெற்றுப் பழகியவர்கள், பணம் நின்ற அமர்வில் புதிரை முன்னையிலும் குறைவாகவே தொட்டார்கள். பணம் பெறாதவர்களிடம் அந்த வீழ்ச்சி இல்லை.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு என் வகுப்பு நினைவுக்கு வந்தது. பின்சுவரோரம் ஒரு மேசை போட்டு, பழைய சஞ்சிகைகளும் கதைப் புத்தகங்களும் வைத்திருந்தேன். இடைவேளையில் ஏழெட்டுப் பிள்ளைகள் தாமாகவே அங்கு போய் இருப்பார்கள். அதை இன்னும் பெருக்கலாம் என்ற நல்லெண்ணத்தில், மாதம் மூன்று புத்தகம் வாசிப்பவருக்கு ஒரு பேனை என்று அறிவித்தேன். முதல் மாதம் மேசையைச் சுற்றி இடமில்லை; மெல்லிய புத்தகங்களாகப் பார்த்து எடுத்தார்கள் என்பதை நான் கவனிக்கத் தவறினேன். மூன்றாம் மாதம் பேனை வாங்க வழியில்லாமல் நிறுத்தியபோது, முன்னர் தாமாக வந்த அந்த ஏழெட்டுப் பேரிலும் இரண்டு பேரே மிஞ்சினார்கள். அந்த ஐந்தாறு பிள்ளைகளின் வாசிப்பை நானே கெடுத்தேன் என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

1999இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் ஆகிய மூவரும் 128 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ‘இதைச் செய்தால் இது கிடைக்கும்’ என்று முன்கூட்டிச் சொல்லிக் கொடுக்கப்படும் பொருட்பரிசு, ஏற்கெனவே விருப்பமுள்ள வேலையின் மேல் உள்ள விருப்பத்தைக் குறைக்கிறது என்பதும், அந்தப் பாதிப்புச் சிறுவர்களிடம் கூடுதலாக இருக்கிறது என்பதும், மனதார வரும் பாராட்டுச் சொல் விருப்பத்தைக் கூட்டக்கூடியது என்பதும் அந்தத் தொகுப்பில் தெரிந்தவை. பரிசளிப்பு விழாவை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவரவில்லை. எதிர்பாராமல் கொடுக்கும் பரிசினால் இந்தக் கெடுதி இல்லை. பிள்ளை தானாகவே செய்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு விலை வைப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

டெசியும் ரிச்சர்ட் ரயனும் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்து பின்னர் விரித்தெடுத்ததே சுயநிர்ணயக் கோட்பாடு. இந்தச் சொல் எங்கள் மண்ணில் வேறொரு கனத்தோடு ஒலிக்கும் என்பதை அறிவேன். இங்கு அது தனியொருவர் தம் செயலைத் தாமே விரும்பி ஏற்றுச் செய்வதைக் குறிக்கிறது. மனிதருக்கு உணவுபோல மூன்று தேவைகள் உண்டு என்கிறார்கள் அவர்கள்: இது என் தெரிவு என்ற உணர்வு, என்னால் இயலும் என்ற உணர்வு, என்னை வேண்டுகிறவர்கள் இங்கு இருக்கிறார்கள் என்ற உணர்வு. இவை கிடைக்கும் இடத்தில் ஊக்கமும் மனநலமும் சேர்ந்து வளர்கின்றன, மறுக்கப்படும் இடத்தில் இரண்டும் சேர்ந்தே தேய்கின்றன. ‘முதலில் மனநலம், பிறகு படிப்பு’ என்றோ ‘இப்போது படிப்பு, மற்றது பரீட்சைக்குப் பிறகு’ என்றோ வரிசை வைக்க வேண்டியதில்லை என்பதே ஓர் ஆசிரியராக எனக்கு இந்தக் கோட்பாட்டின் பெரிய பயன்.

வாயிலிருந்து வரும் சொற்களை மாற்றுவது

தெரிவைக் கொடுப்பது என்றால் வகுப்பை அவிழ்த்துவிடுவது என்று பல ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். பாடத்திட்டமும் பரீட்சையும் நம் கையில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பத்துக் கணக்கில் எந்த ஆறைச் செய்வது, தனியாகவா இருவராகவா செய்வது, கட்டுரைக்குத் தந்த மூன்று தலைப்பில் எதை எடுப்பது என்பவற்றைப் பிள்ளையிடம் விட்டால் பாடத்திட்டத்துக்கு ஒரு குறையும் வராது. ஒரு பாடவேளைக்கு ஒரு தெரிவு என்று தொடங்குங்கள்.

விருப்பமே இல்லாத பாடத்துக்கு என்ன செய்வது? டெசியின் குழு 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதிலைத் தருகிறது. சலிப்பூட்டும் ஒரு வேலையை ஒருவர் தம்முடையதாக ஏற்பதற்கு மூன்று உதவின: ஏன் செய்யவேண்டும் என்ற காரணத்தைச் சொல்வது, அது சலிப்பாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வது, கட்டளையாக அல்லாமல் தெரிவுக்கு இடம்விட்ட மொழியில் சொல்வது. ‘பரீட்சைக்கு வரும்’ என்பதைக் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பரீட்சையை அவன் ஏற்கெனவே கைவிட்டிருக்கிறான். விகிதசமம் படிப்பிக்கும்போது இரணைமடுக் குளத்தை எடுங்கள். சிறுபோகத்துக்குக் குளத்தில் இருக்கும் நீரைப் பொறுத்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானித்து, அதைப் பங்கிடுகிறார்கள். கூட்டத்துக்குப் போய்வந்த தகப்பனுக்கு எத்தனை ஏக்கர் கிடைத்தது, ஏன் அவ்வளவு என்பதைக் கணக்காகச் செய்து பார்க்கட்டும். பிறகு, “இதில் அடுத்த பத்துக் கணக்கும் ஒரே மாதிரித்தான் இருக்கும், அலுப்பாகவும் இருக்கும், ஆனால் கை பழகுவதற்கு வேறு வழி எனக்குத் தெரியாது” என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். அலுப்பை ஆசிரியரே ஒப்புக்கொள்ளும்போது, அதை நிரூபித்துக் காட்டவேண்டிய தேவை பிள்ளைக்கு இல்லாமற்போகிறது.

சாதாரண தரத்துக்கு அப்பால் எதையும் காணாத பிள்ளைக்கு, காணக்கூடிய தூரத்தில் இருப்பவற்றைக் காட்டுங்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்களும், அதே பகுதியில் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகமும் இருக்கின்றன. வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. ஏ9 வீதியால் பஸ்ஸில் போகும்போது மதிலை மட்டும் கண்ட பிள்ளைக்கும், ஒரு நாள் உள்ளே போய் இயந்திரங்களைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கும் ‘காரணம்’ என்ற சொல் வெவ்வேறாகவே கேட்கும்.

ஆசிரியர்மேல் விழும் அழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1982இல் டெசியின் குழு, கற்பிக்கும் பொறுப்புக் கொடுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினரிடம் ‘மாணவர் குறித்த தரத்தை எட்டுவது உங்கள் பொறுப்பு’ என்று கூடுதலாகச் சொல்லிவைத்தது. அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் பேசினார்கள், அதிகம் கட்டளையிட்டார்கள், மாணவர் யோசிக்குமுன் விடையைத் தாமே எடுத்துக்கொடுத்தார்கள். பெறுபேற்று வீதத்தைக் கேட்டுக் கல்வி வலயத்தில் கூட்டம் நடந்த மறுநாள் நம் குரல் எப்படி இருக்கிறது என்பதை நாம் அறிவோம். அதிபர்கள் இதை வாசித்தால், சித்தி வீதத்தைக் கேட்கும் கூட்டத்திலேயே “அந்த நான்கைந்து பிள்ளைகளில் என்ன மாற்றம் கண்டீர்கள்” என்றும் கேட்குமாறு வேண்டுகிறேன்.

சிவப்புப் பேனையால் என்ன எழுதுவது

‘என்னால் இயலும்’ என்ற உணர்வைப் புகழ்ச்சியால் ஊட்டமுடியாது. இயன்ற அனுபவம் வேண்டும். ஆறு மாதமாக எதுவும் எழுதாத பிள்ளைக்குத் தரம் 11 வினாத்தாளைக் கொடுப்பது, நீந்தத் தெரியாதவனை வட்டுவாகல் நீரேரியில் இறக்கிவிடுவது போன்றது. அவன் உண்மையில் நிற்கும் படியைக் கண்டுபிடியுங்கள். அது தரம் 6 பின்னமாக இருக்கலாம். அதை எல்லார் முன்னும் சொல்லாமல், தனிக் கொப்பியில், நாளுக்கு நான்கு கணக்காகக் கொடுங்கள். தரவரிசையை வாசித்து வினாத்தாள் கொடுக்கும் வழக்கம் இன்னும் பல வகுப்புகளில் உண்டு. கடைசியாகப் பெயர் கூப்பிடப்படும் பிள்ளை அந்த நடையில் படிப்பது நாம் படிப்பித்த எதையும்விட ஆழமாகப் பதியும். வினாத்தாளை மடித்து ஒவ்வொருவர் மேசையிலும் வைப்பதற்கு ஐந்து நிமிடம்கூட எடுக்காது.

திருத்தும்போது எழுதும் குறிப்பு எவ்வளவு செய்யும் என்பதற்கு டேவிட் யேகரும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு சான்று. அமெரிக்காவில் ஏழாம் தர மாணவரின் கட்டுரைகளை ஆசிரியர்கள் திருத்தினார்கள். சிலருடைய தாளில் ஒரு சிறு குறிப்பு ஒட்டப்பட்டது: உன்னிடம் நான் உயர்ந்ததை எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்டமுடியும் என்று அறிவேன், அதனால்தான் இவற்றை எழுதியிருக்கிறேன் என்பது அதன் பொருள். ஆசிரியர்கள் தங்களைக் குறைவாக எடைபோடுகிறார்கள் என்று ஐயுறக் காரணமுள்ள கறுப்பின மாணவரில், வழக்கமான குறிப்புப் பெற்றவர்களில் 17 வீதமானோரும், இந்தக் குறிப்புப் பெற்றவர்களில் 72 வீதமானோரும் கட்டுரையைத் திருத்தி மீண்டும் எழுதிக் கொடுத்தார்கள். ‘எங்கட பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவுதான்’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த வன்னிப் பிள்ளைக்கு இந்த ஆய்வு தொலைவில் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. குறிப்பை மட்டும் ஒட்டி, திருத்தத்தை மேலோட்டமாக விட்டால் பயனில்லை. எந்த வசனத்தில் என்ன பிழை, அடுத்த தரம் எதைச் செய்யலாம் என்று இரண்டு இடத்திலாவது குறிப்பாகச் சொல்லுங்கள். பிறகு, மீண்டும் எழுதிவர ஒரு நாளும் கொடுங்கள்.

மூன்றாவது தேவைக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. வராத பிள்ளை திரும்பி வரும் காலையில் நீங்கள் முதலில் சொல்லும் வார்த்தையில் அது பெரும்பாலும் அடங்கிவிடும். “துரை இப்பதான் வாறாரோ” என்று வகுப்பே சிரிக்கச் சொல்வதும், “வா தம்பி, நீ இல்லாத மூன்று நாளில் செய்ததை இவன் கொப்பியில் பார்” என்று சொல்வதும் ஒரே நேரத்தையே எடுக்கின்றன. அறுவடைக்குப் போனவனிடம் எத்தனை மூடை வந்தது என்று கேளுங்கள். அடியைப் பற்றி: கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் அதைத் தடைசெய்திருக்கின்றன. வீட்டில் அடிவாங்கும் பிள்ளைக்குப் பாடசாலையிலும் அதுவே கிடைக்குமானால், இந்த வழிகாட்டியில் உள்ள வேறெதுவும் வேலை செய்யாது.

ஆசிரியரின் எல்லை

நல்லெண்ணமுள்ள ஆசிரியர்களிடம் ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். பிள்ளையின் பழைய காயத்தை வகுப்பில் வைத்துத் தோண்டாதீர்கள். ‘உன் மனத்தில் உள்ள மிகப் பெரிய துக்கத்தை எழுது’ என்று கட்டுரை கொடுப்பதும், வட்டமாக இருத்தி ஒவ்வொருவராக அழவைப்பதும் ஆற்றுப்படுத்தல் ஆகாது. வடக்கில் 9 முதல் 12 வயது வரையான 399 பிள்ளைகளோடு, 15 அமர்வுகள் கொண்ட, நன்கு திட்டமிட்ட ஒரு பாடசாலை உளசமூக நிகழ்ச்சியை வீட்ஸே டோல் குழுவினர் பரிசோதித்து 2012இல் வெளியிட்டார்கள். ஆண் பிள்ளைகளிடமும் வயது குறைந்தவர்களிடமும் சில நன்மைகள் தெரிந்தன. ஆனால் அதில் பங்குபற்றிய சிறுமிகளின் மனவடு அறிகுறிகள், நிகழ்ச்சியை இன்னும் பெறாமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்த சிறுமிகளோடு ஒப்பிட்டால் குறைவாகவே தணிந்தன. பயிற்சி பெற்றவர்கள் செய்ததற்கே இப்படியென்றால், நாற்பது நிமிடப் பாடவேளையில் நாம் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். தானாக வந்து சொல்லும் பிள்ளையைக் குறுக்கிடாமல் கேளுங்கள்; சொல்லாத பிள்ளையைச் சொல்லவைக்க முயலாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் தூக்கமின்மை, சாப்பாட்டில் விருப்பமின்மை, முன்பு விரும்பியவற்றிலும் ஒதுங்கல், திடீரென்று வரும் பயம், உடம்பில் கீறிக்கொள்ளல், போதைப்பொருள் ஆகியவற்றைக் கண்டால் அது வகுப்பறை முறைகளால் தீரும் விடயமல்ல. பாடசாலையின் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியரிடமும், அவர் வழியாக மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் போகவேண்டும். இறப்பைப் பற்றிப் பிள்ளை பேசினாலோ எழுதினாலோ, “உயிரை விடவேண்டும் என்று நினைக்கிறாயா” என்று அமைதியாக, நேராகக் கேளுங்கள்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. அன்று அந்தப் பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பவேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம். வீட்டில் துன்புறுத்தல் என்று தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இருக்கிறது.

தாயிடமோ அம்மம்மாவிடமோ சொல்லும்போது இடத்தையும் சொல்லையும் தெரிந்தெடுங்கள். வாசலில் நின்று, அயலவர் கேட்கச் சொல்லாதீர்கள். ‘விசர்’ என்ற சொல்லின் பயம் இன்னும் எங்கள் வீடுகளில் உண்டு என்பதால், நீங்கள் கண்டதையே சொல்லுங்கள்: “பிள்ளை மூன்று வாரமாக நித்திரை கொள்ளவில்லை என்கிறா, காலையில் தலை நிமிரவில்லை, இதற்கு வைத்தியசாலையில் ஆள் இருக்கிறது, வாற செவ்வாய்க்கிழமை நானும் வாறன்.” கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் சம்பளம் போகும் என்பதை நினைவில் வைத்து, நாளை அவரிடமே கேட்டுத் தீர்மானியுங்கள்.

கிளினிக் போய்வந்த பிள்ளை திரும்பும் நாளில் பழைய இடத்திலேயே இருத்துங்கள், முன்வாங்குக்கு மாற்றிக் காட்சிப்பொருளாக்க வேண்டாம். மருந்தால் காலையில் தூக்கமாக இருந்தால் அந்தப் பாட ஆசிரியரிடம் ‘உடம்பு சரியில்லை’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை. தனிக் கொப்பியில் விட்ட இடத்திலிருந்து, முதல் நாள் இரண்டு கணக்கு, எந்த இரண்டு என்பதைப் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும்.